முதுகெலும்பைத் தொடும் தொழில்

சென்ற வாரம் ஆவடியிலிருந்து ஒரு வாலிபர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ பரீட்சையில் தேறி ஒரு வருஷம் ஆகிறது. கையில் பலவர்ண விளம்பரத் தாள் ஒன்றை மடித்து வைத்திருந்தார். முதுகெலும்பையும் கழுத்தெலும்பையும் கையால் திருத்தி நோய் தீர்க்கும் ‘கைரோபிராக்டிக்’ என்னும் வித்தையை மூன்று மாதத்தில் கற்றுக் கொடுப்பதாகவும், முடிவில் ஒரு சர்ட்டிபிகேட் வழங்குவதாகவும் அதில் கண்டிருந்தது. கட்டணம் சிறிதல்ல. அதைக் கட்ட அவருடைய தகப்பனாரின் பிராவிடெண்ட் பண்டுப் பணம் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அதைத் தவிர வேறு முதல் இல்லை. “கட்டலாமா, வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், ஐயா” என்றார்.

நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் இடம் தரவில்லை. இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் திகைக்கும் வாலிபர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பலர் இருப்பார்கள். அந்தப் பக்கத்து ரஸ்தாக்களில் ஒரு தடவை பஸ்ஸில் போய் வருகிறவர்கள் இருபுறமும் தொங்கும் போர்டுகளைப் பார்த்தால் போதும். புத்தூர் கட்டு, வர்மம், பிசியோதெரபி என்னும் பழைய போர்டுகளுக்கு நடுவே இப்போது ‘கைரோ’ என்ற புதுப் போர்டும் முளைத்து வருகிறது. கைபேசியைத் திறந்தால், யாரோ ஒருவர் மற்றொருவருடைய கழுத்தைப் பிடித்துத் திருப்ப, ‘படக்’ என்று சத்தம் கேட்க, நோயாளி ஆனந்தக் கண்ணீர் விடும் படங்கள் ஓயாமல் வருகின்றன. இதைப் பார்த்துத்தான் நமது வாலிபருக்கும் ஆசை பிறந்தது என்று முதலில் எண்ணினோம். பேசப் பேச, அவருடைய ஆசைக்கு வேர் வேறிடத்தில் இருப்பது தெரிந்தது.

அவர் தகப்பனார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பிரஸ் மிஷின் முன் நின்றவர். தகட்டைக் குனிந்து எடுக்கவேண்டும். திரும்பி மிஷினில் வைக்கவேண்டும். அழுத்தியதை எடுத்து மறுபக்கம் போடவேண்டும். ஒரு ஷிப்டில் இப்படி எத்தனை ஆயிரம் தடவை என்று யாரும் எண்ணியதில்லை. ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

இது அவர் ஒருவர் கதையன்று. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் ஸ்ரீ தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ‘சோஷலிஸ பாணி சமுதாயமே நமது லட்சியம்’ என்று தீர்மானித்ததை அரசியல் ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு 1961-ல் ஆவடியிலேயே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960-களிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பிறந்தது. ஏரியும் வயலுமாக இருந்த பூமியில் லேத்தும் பிரஸ்ஸும் வார்ப்படமும் நிறைந்தன. பின்னர் ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் நாள் முழுவதும் குனிந்து தைக்கும் ஏற்றுமதித் துணிக் கம்பெனிகள் வந்தன. மூட்டை தூக்கும் கிடங்குகள் வந்தன. யந்திரங்களுக்கு எண்ணெய் போடவும், தேய்ந்த பாகத்தை மாற்றவும் கால அட்டவணை உண்டு. அவற்றின் முன் நிற்பவனுடைய முதுகுக்கு அப்படி ஓர் அட்டவணையை எந்த மகாசபையும் தீர்மானிக்கவில்லை. 2020-ல் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதியுற்றதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மனிதனை வேலைக்கு லாயக்கற்றவனாகச் செய்யும் காரணங்களில் அதற்கே முதல் ஸ்தானம்.

தகப்பனார் என்ன செய்தார்? முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகம். மாத்திரையும் ஓய்வும் கிடைத்தன. ஓய்வு முடிந்தது, வலி முடியவில்லை. அண்டை வீட்டார் சொல்லியபடி, இரட்டைப் பிள்ளை பெற்ற ஓர் அம்மாளைக் கொண்டு எண்ணெய் தேய்த்து வழித்துப் பார்த்தார்கள். பிறகு, கையால் எலும்பைத் திருத்துவதாகப் போர்டு போட்ட ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார்கள். அதன் பெயரை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே, இடுப்பில் வலி என்று வந்தவருக்குக் கழுத்தையும் சேர்த்துத் திருப்பினார்கள். சத்தம் கேட்டது. அன்று மாலை உடம்பு இலகுவாக இருந்ததாம். மூன்றாம் நாள் வலக்கை மரத்துப் போயிற்று. அது சரியாக ஏழு வாரம் பிடித்தது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட், மேஜைமேல் படுக்க வைத்து முதுகில் சிறிது நேரம் கைவேலை செய்துவிட்டு, மிகுதி நேரமெல்லாம் எப்படிக் குனிவது, எப்படி நிமிர்வது, தினம் எந்த அப்பியாசத்தை எத்தனை தடவை செய்வது என்று சொல்லிக் கொடுத்தார். அதில்தான் தேறினார். மகன் கூடவே இருந்து இவ்வளவையும் பார்த்திருக்கிறார். கெடுத்ததும் ஒரு கை. தேற்றியதும் ஒரு கை. இந்த இரண்டில் தேற்றிய கையாகத் தம் கை ஆகவேண்டும் என்பது அவருடைய விருப்பம். நல்ல விருப்பம்தான். ஆனால் அவர் மடியில் இருந்த விளம்பரத் தாள் எந்தக் கையைத் தயாரிக்கும் என்பதே பிரச்னை.

உடம்பைக் கையால் திருத்தும் வித்தை நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகையாக அதைப் பிரித்திருக்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் அடிபட்ட இடத்தைத் தொட்டு இளக்கும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். க்ஷவரம் முடிந்ததும் கழுத்தை இருபுறமும் நெட்டி முறித்துவிடும் வழக்கத்தை நம்மில் அனுபவிக்காதவர் யார்? திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூர், எலும்பு முறிவுக்குப் போடும் கட்டினால் தென்னாடு முழுதும் பெயர் பெற்றது. முட்டை வெள்ளைக்கருவும் மூலிகைச் சாறும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் சுற்றும் அந்தக் கட்டின் பெயரைச் சொல்லாத ரஸ்தா சென்னையின் மேற்கே இல்லை. அதனால் பிழைத்தவர்களும் உண்டு. மிதமிஞ்சி இறுக்கிக் கட்டியதால் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களும் உண்டு.

மேல்நாடுகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் எலும்பு திருத்துகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்களில் பேர்போன ஹெர்பர்ட் பார்க்கருக்கு 1922-ல் ‘சர்’ பட்டம் கொடுத்தார்கள். ஆனால் அவருடைய நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து உதவிய டாக்டரை, பட்டமில்லாதவனுக்கு உதவினான் என்று 1911-லேயே வைத்தியப் பதிவேட்டிலிருந்து நீக்கியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் முழங்கால் வலிக்கு யாரிடம் ரகசியமாகப் போனார்களோ, அவரைச் சட்டம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

கைரோபிராக்டிக் என்பது அமெரிக்காவில் பிறந்தது. அயோவா ராஜ்யத்தில் டாவன்போர்ட் என்னும் ஊரில், டேனியல் டேவிட் பாமர் என்பவர் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தார். 1895 செப்டம்பர் 18-ந் தேதி, அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லார்ட் என்னும் நீக்ரோ தொழிலாளியின் முதுகெலும்பைத் தட்டிச் சரி செய்ததாகவும், அவருக்கு நெடுநாளாக இருந்த செவிட்டுத்தன்மை நீங்கியதாகவும் சொல்லப்படுகிறது. அதிலிருந்து பாமர் ஒரு பெரிய சித்தாந்தத்தைக் கட்டினார்: நோய்களுக்கெல்லாம் காரணம் முதுகெலும்பின் துண்டுகள் இடம் பெயர்வது, அவற்றைக் கையால் தள்ளிச் சரி செய்தால் உடம்பு தானே குணமடையும் என்றார். 1897-ல் பள்ளிக்கூடமும் ஏற்படுத்தினார். காது கேட்கும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளையைச் சேர்கிறது. முதுகெலும்பின் வழியே போவதில்லை. ஆகையால் அஸ்திவாரக் கதையே ஆட்டம் காண்கிறது என்று வைத்தியர்கள் அன்றுமுதல் சொல்லி வருகிறார்கள்.

அவர்களுக்கும் சர்க்காருக்கும் நடந்த போராட்டம் அரசியல் ஊழியர்களுக்கு ருசிக்கும். அனுமதியின்றி வைத்தியம் செய்ததாக 1906-ல் பாமர் சிறைக்குப் போனார். கலிபோர்னியாவில் அவருடைய சிஷ்யர்கள், அபராதம் கட்ட மறுத்துச் சிறை செல்வதையே ஓர் இயக்கமாக நடத்தினார்கள். 1922-ல் ஜனங்களுடைய நேர் வோட்டால் அங்கே அவர்களுக்குச் சட்டம் கிடைத்தது. அதே காலத்தில் நமது தேசத்தில் சிறைகள் எதற்காக நிரம்பின என்பதை நாம் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிறை சென்றவருடைய மன உறுதியை மெச்சலாம். அதனாலேயே அவர் மருந்து பலிக்கும் என்று ஏற்படாது. 1974-ல் லூயிசியானாவும் இணங்கியதோடு எல்லா அமெரிக்க ராஜ்யங்களிலும் இத்தொழில் சட்டத்துக்கு உட்பட்டுவிட்டது. அமெரிக்க டாக்டர்கள் சங்கம் தங்களைப் பகிஷ்கரிக்கச் சதி செய்வதாக 1976-ல் சில கைரோபிராக்டர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1987-ல் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் 1994-ல் பார்லிமெண்டே ஒரு சட்டம் செய்தது. பதிவு பெறாதவர் அங்கே அந்தப் பெயரையே சூட்டிக்கொள்ளக் கூடாது. அதே பிரிட்டனில், அவர்களுடைய பதிவுச் சபை 2010-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எலும்பு இடம் பெயர்வதே வியாதிகளுக்குக் காரணம் என்ற பழைய கொள்கை சரித்திரச் செய்தியே தவிர, அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று ஒப்புக்கொண்டது. தன் குலதெய்வத்தைப் பற்றி ஒரு சபை இவ்வளவு பேசியதே பெரிது.

அப்படியானால் இந்த வித்தை முற்றிலும் பொய்யா? அப்படியும் சொல்வதற்கில்லை. நாட்பட்ட இடுப்பு வலியைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லுதல், தேகப் பயிற்சி, மனப் பயிற்சி ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சைக்கும் மசாஜுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இடுப்புப் பெல்ட்டையும், கயிறு கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகச் செய்யவேண்டாம் என்றிருக்கிறார்கள். நமது பக்கத்தில் எத்தனை பேர் பெல்ட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்! ஆக, கைவேலையால் இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு. ஒழுங்கான அப்பியாசத்தால் வரும் பலனை விட அது பெரிதன்று. ஆஸ்துமா, நீரிழிவு, செவிடு, பிள்ளையின்மை என்று போர்டில் அடுக்கினால் அது வைத்தியமன்று, வியாபாரம்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘படக்’ என்று கேட்பது எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று பலர் நம்புகிறார்கள். 2015-ல் கனடாவிலுள்ள ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார், விரலைச் சொடக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் பிடித்துப் பார்த்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் நீரில், இரு எலும்புகள் விலகும் நொடியில் ஒரு வாயுக்குழி தோன்றுகிறது, சத்தம் அப்போது கேட்கிறது, அவ்வளவே. எதுவும் இடம் மாறவும் இல்லை, இடத்துக்கு வரவும் இல்லை. கைபேசிப் படங்களின் கீர்த்தியெல்லாம் இந்த வாயுக்குழியின்மேல் எழுப்பியது என்று வாலிபரிடம் சொன்னபோது, அவர் தம் விரலை ஒருமுறை சொடக்கிப் பார்த்துக்கொண்டார்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். முதுகைத் திருப்பக் கற்பது கஷ்டமன்று. சுறுசுறுப்புள்ள பையன் மூன்று மாதத்தில் அதைக் கற்றுக்கொள்வான். விளம்பரக்காரர் அந்த மட்டில் பொய் சொல்லவில்லை. எந்த முதுகைத் தொடக்கூடாது என்று அறிவதற்குத்தான் வருஷங்கள் வேண்டும். நமது தேசத்தில் இது மிகவும் பொருந்தும். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். காசம் நுரையீரலோடு நிற்பதில்லை. எலும்பில் இறங்கினால் அது அதிகமாகப் பற்றுவது முதுகெலும்பைத்தான். 1779-ல் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில ரண வைத்தியர் வர்ணித்ததிலிருந்து அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. அந்த நோயாளி வரும்போது என்ன சொல்வார்? “முதுகு வலிக்கிறது, தம்பி” என்றுதான் சொல்வார். மாலையில் லேசான ஜுரம், இளைப்பு, ராத்திரியில் வலி அதிகம் என்பதைக் கேட்டு வாங்கவேண்டும். கேட்கத் தெரியாமல், உள்ளே அரித்துப்போன எலும்பின்மேல் முழங்கையை ஊன்றினால், நடந்து வந்தவர் நடந்து போகமாட்டார். அதே மனிதர் முறையாக மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடுவார். காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு ருஜுப்பித்தது, 1956-ல் நமது சென்னையில் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம்தான்.

காசம் ஓர் உதாரணம். வேறிடத்துப் புற்று எலும்பில் வந்து தங்கியிருக்கலாம். வயது முதிர்ந்த ஸ்திரீகளுக்கு எலும்பு பொரிபோல் ஆகியிருக்கலாம். இடுப்பு வலியோடு இரு கால்களும் பலமிழந்து, சிறுநீர் கட்டி, ஆசனப் பகுதி மரத்துப் போனால், அந்த நோயாளிக்கு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் ஆயுள் முழுதும் அவஸ்தை. கழுத்தை வேகமாகத் திருப்புவதால், அபூர்வமாகவே ஆயினும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த கேஸ்கள் வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. ஆவடி வாலிபரின் தகப்பனார் மரத்த கையோடு தப்பினார்.

இதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2005-ல் இத்தொழிலுக்கு வகுத்த திட்டத்தில், முன் வைத்தியப் படிப்பில்லாதவருக்கு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத பாடம் வேண்டும் என்றும், அதில் 1,000 மணியாவது ஆசிரியர் கண்முன் நோயாளிகளைப் பார்த்த அனுபவமாக இருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நமது விளம்பரக்காரர் தினம் ஆறு மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள் விடாமல் சொல்லிக் கொடுத்தாலும் மூன்று மாதத்தில் 450 மணிதான் ஆகும். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்! நோயாளியைக் கண்ணால் காணும் அவகாசம் அதில் எவ்வளவு இருக்கும் என்று நாம் விசாரிக்கவில்லை. தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சட்டத்தின் நிலை என்ன என்று வாலிபர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி. இந்தியாவில் கைரோபிராக்டர்களுக்கென்று பதிவேடு கிடையாது. 2021-ல் பார்லிமெண்டு செய்த துணை வைத்தியத் தொழில்களின் சட்டம் பிசியோதெரபிக்கு இடம் கொடுத்திருக்கிறது. கைரோபிராக்டிக்குக்குத் தனி இடம் கொடுக்கவில்லை. பதிவேடு இல்லை என்றால் தடையும் இல்லை என்று விளம்பரக்காரர்கள் அர்த்தம் செய்கிறார்கள். நாம் அதை வேறு விதமாகப் படிக்கிறோம். பதிவேடு இல்லாத தொழிலில் கெட்டவனை நீக்கவும் வழியில்லை. நல்லவன் தன்னை நல்லவன் என்று காட்டிக்கொள்ளவும் வழியில்லை. ஏதாவது நேர்ந்துவிட்டால், உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றுதான் கோர்ட்டு முதலில் கேட்கும். ஒரு வைத்திய முறையில் தேர்ச்சியில்லாமல் அந்த முறையைக் கையாளுகிறவன் போலி வைத்தியனே என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. வேறொரு முறையில் முறைப்படி பட்டம் பெற்றிருந்த ஒருவரைப் பற்றி எழுந்த வழக்கு அது. மூன்று மாதச் சர்ட்டிபிகேட்டுடன் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று எழுதிக்கொள்ளும் துணிச்சலை என்னென்பது!

ஆகவே தொழிலில் நாட்டமுள்ளவர் எந்த வழியில் போகலாம்? அயல்நாட்டுக்குப் போய் நான்கு வருஷம் படித்து உண்மையான கைரோபிராக்டர் ஆவது ஒரு வழி. அமெரிக்காவில் முதலில் காலேஜில் சில வருஷம் படித்த பிறகே அந்தப் படிப்பில் சேரமுடியும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கல்லூரிகள் உண்டு. நமக்குக் கிட்ட, தமிழர் நிறைந்த மலேயா நாட்டில், கோலாலம்பூரில் ஒரு வைத்திய சர்வகலாசாலை 2010 முதல் இந்தப் படிப்பை நடத்தி வருகிறது; அந்த நாட்டுச் சர்க்கார் 2016-ல் செய்த பாரம்பரிய வைத்தியச் சட்டம் இத்தொழிலையும் தழுவிக்கொண்டிருக்கிறது. வசதியுள்ளவர்கள் போகட்டும். பிரஸ் மிஷின் தொழிலாளியின் பிராவிடெண்ட் பண்டு விமானக் கட்டணத்தோடும் முதல் வருஷத்தோடும் தீர்ந்துவிடும். திரும்பி வந்தாலும் இங்கே பதிவேடு கிடையாது என்ற நிலை மாறாது.

நமது ஊரிலேயே வழிகள் இருக்கின்றன. பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் அரும்பாக்கம். அங்கே சர்க்காரின் இந்திய வைத்திய ஆஸ்பத்திரி வளாகத்தில் சித்த வைத்தியக் கல்லூரியும், 2000-ல் ஆரம்பமான யோகா-இயற்கை வைத்தியக் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டும் ஐந்தரை வருஷப் படிப்பு. முன்னதில் தொக்கணமும் வர்மமும் சாஸ்திரமாகக் கற்பிக்கப்படுகின்றன. பின்னதில் கையால் செய்யும் சிகிச்சைகளுக்குத் தனிப் பாடமே உண்டு. தாம்பரத்தில் 2005 முதல் தேசீய சித்த நிலையம் இருக்கிறது. சித்தத்துக்கு ‘நீட்’ பரீட்சையின் வாசலைக் கடக்கவேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாம் இந்த வாலிபருக்குச் சொன்னது பிசியோதெரபிப் பட்டப்படிப்பு. இதுகாறும் நான்கரை வருஷமாக இருந்தது. 2025-ல் வெளியான புதுப் பாடத்திட்டம் அதை ஐந்து வருஷமாக்கியிருக்கிறது. கே.கே. நகரிலுள்ள சர்க்கார் புனர்வாழ்வு வைத்திய நிலையத்தில் குறைந்த கட்டணத்தில் சில இடங்கள் உண்டு. போரூர், தண்டலம் பக்கம் தனியார் சர்வகலாசாலைகளும் இருக்கின்றன; அவற்றின் கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு பேசவேண்டும். மூட்டையும் முதுகையும் கையால் அசைக்கும் முறைகள் இந்தப் படிப்பிலேயே அடங்கியவை. பட்டம் பெற்ற பிறகு அதில் விசேஷப் பயிற்சி பெறலாம். அப்போது கைரோபிராக்டர்கள் செய்வதில் உண்மையான பகுதி எதுவோ அதைச் சட்டத்துக்கு உட்பட்டே செய்யலாம். இதில் கீர்த்தி குறைவு என்பது மெய்தான். அப்பியாசம் சொல்லிக் கொடுக்கும்போது ‘படக்’ என்று சத்தம் வராது. அதை யாரும் படம் பிடித்துப் பரப்பமாட்டார்கள்.

“ஐந்து வருஷம் வீட்டை யார் பார்ப்பது, ஐயா?” என்றார் வாலிபர். இதற்கு நாம் உடனே பதில் சொல்லவில்லை. படித்தவர்கள் ஏழை வாலிபர்களுக்கு உபதேசம் செய்யும்போது இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். மூன்று மாதப் பயிற்சியைப் பேராசையால் மட்டும் யாரும் தேடுவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வகையில்லாமையாலும் தேடுகிறார்கள். நாம் அவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். தகப்பனார் பெரிய பாரம் தூக்காத வேலைக்கு மாறியிருக்கிறார், சம்பளம் குறைவு. தாயார் துணிக் கம்பெனிக்குப் போகிறார். தங்கை பத்தாவது. பிராவிடெண்ட் பண்டுப் பணத்தை விளம்பரக்காரரிடம் கொடுத்தால் மூன்று மாதத்தில் தீரும். சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதே பணம் நாலைந்து வருஷம் நீளும். இடம் கிடைக்காவிட்டால்? அப்போது ஆஸ்பத்திரிகளில் வேலை தரக்கூடிய குறுகிய துணைப் படிப்புகள் சில உண்டு. முதுகெலும்பைத் தொடும் தொழில் அவற்றில் சேராது என்பதை அவருக்கு ஒளிக்காமல் சொன்னோம்.

சர்க்காருக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு. 1921-ல் சென்னை சர்க்கார் சுதேச வைத்தியத்தை ஆராய ஜனாப் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி வைத்தது. பல பாஷைகளிலும் வைத்தியர்களைக் கேட்டு, 1923-ல் கமிட்டி அறிக்கை கொடுத்தது. அதன் பலனாக இந்திய வைத்தியப் பள்ளி ஏற்பட்டது. வைத்தியம் அறிந்தவர்களைக் கேவலமாகப் பேசித் துரத்தாமல், அவர்களுக்கு ஒரு பள்ளியையும் பரீட்சையையும் கொடுப்பதே முறை என்று அன்றைக்கே கண்டார்கள். அந்தப் பள்ளி பல உருவம் எடுத்து, 1960-ல் கீழ்ப்பாக்கம் மெடிகல் காலேஜாக ஆகிவிட்டது. அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் இன்றும் நிற்கிறது. நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சாலையின் மேற்குக் கோடியில், கட்டுப் போடுகிறவரும் கழுத்துத் திருப்புகிறவரும் பள்ளியுமின்றிப் பரீட்சையுமின்றிப் போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் கைராசியும் அனுபவமும் உள்ளவர்களுக்கு, எந்த நோயாளியைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்பதையாவது கற்பித்து, பெயரைப் பதிவு செய்துகொள்ள என்ன தடை? தொழிற்பேட்டைகளில் ஈ.எஸ்.ஐ. மருந்தகம்தோறும் ஒரு பிசியோதெரபிஸ்டை நியமித்தால், வலிக்கிற தொழிலாளி போர்டைத் தேடி ரஸ்தாவில் அலையவேண்டியதில்லை. பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும். அப்பகுதித் தொழிற்சங்க ஊழியர்கள் போனஸ் பேச்சின்போது இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

வாலிபர் எழுந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தகப்பனார் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். தினம் சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இரண்டு சுற்று நடக்கிறாராம். வீட்டுக்கு வந்து பாயில் படுத்து, சொல்லிக் கொடுத்த அப்பியாசத்தைச் செய்கிறாராம். மகன் பக்கத்தில் இருந்து எண்ணிச் சொல்வாராம். விளம்பரத் தாளை நமது மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதல் தவணை கட்டுவதற்குக் கடைசி நாள் என்று அதில் அச்சிட்டிருக்கும் தேதி நேற்றோடு கழிந்துவிட்டது.